இரத்தம் செல்லும் வழி: பாதத்தைக் காத்த சதைமடலின் வரலாறு

மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் ஒருவராக எண்ணப்படும் தாபிஈ உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் அறுக்கப்பட்ட நிகழ்ச்சியை அறியாத அரபிக் கல்லூரி மாணவர் இரார். உமைய்யாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஹிஜ்ரி 86-96, கி.பி. 705-715) அவர்களைக் காண டமாஸ்கஸ் சென்ற பயணத்தில் அவர்களுடைய காலில் ஒரு புண் தோன்றிற்று. வரலாற்றாசிரியர்கள் அதனை 'ஆகிலா' என்று குறிக்கின்றனர். தின்று கொண்டே செல்வது என்பது அச்சொல்லின் பொருள். காலை அறுக்காவிடில் நோய் மேலேறி உயிரைக் கொண்டுபோகும் என்று மருத்துவர்கள் கூறினர். அறிவை மயக்கும் பானத்தை அருந்த உர்வா (ரஹ்) மறுத்தார்கள். ரம்பத்தால் கால் அறுக்கப்பட்டது. குருதியை நிறுத்தக் கொதிக்கும் எண்ணெய் பயன்படுத்தப்பட்டது. அதே பயணத்தில் அவர்களுடைய மகன் ஒருவர் குதிரை உதைத்து மரணமுற்றார். இவ்விரு இழப்பிலும் அவர்கள் காட்டிய பொறுமையை நம் உலமாக்கள் மிம்பர்களில் எடுத்துரைத்து வருகின்றனர்.

அந்தப் புண் நீரிழிவால் வந்தது என்று அண்மைக் காலத்தில் சிலர் எழுதி வருகின்றனர். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அந்த மருத்துவர்கள் செய்தது சரிதான் என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்று அவர்கள் கையில் இருந்தது ரம்பம் ஒன்றே. ரம்பத்துக்கு முந்தி நின்று பாதத்தை மீட்கும் ஒரு கலை பின்னாளில் எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் இது வெறும் வரலாற்று வினாவன்று. அங்கு காலில் தைத்த கெளுத்தி முள் ஒன்று, சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் காலையே கொண்டுபோய்விடக் கூடும்.

முதலில் அக்கலையின் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். உடலின் ஓரிடத்துத் தோலை மெல்லிதாகச் சீவி எடுத்து வேறிடத்துப் புண்ணின் மேல் பரப்புவது தோல் ஒட்டு. அத்தோலுக்குச் சொந்தமாக இரத்தம் இல்லை. புண்ணின் அடித்தளத்திலிருந்தே அது உயிரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அடித்தளம் செந்நிறச் சதையாக இருந்தால் ஒட்டும். வெறும் எலும்பும் தசைநாரும் வெளித்தெரியும் புண்ணில் ஒட்டாது. பாறை மேல் நாற்று நடுவதை அது ஒக்கும். பாதத்திலும் கணுக்காலிலும் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை மிகக் குறைவு. ஆதலால் அங்கு ஏற்படும் ஆழமான புண் விரைவில் எலும்பைத் தொட்டுவிடுகிறது. அந்நிலையில் வேண்டப்படுவது, தன் இரத்தக் குழாயைத் தன்னோடு கொண்டுவரும் தோலும் சதையும் சேர்ந்த ஒரு பகுதி. மருத்துவர்கள் அதனை 'ஃபிளாப்' என்பர். நாம் சதைமடல் என்போம். மடலின் ஒரு முனை உடலோடு ஒட்டியே இருக்கும். அந்தக் காம்பின் வழியே குருதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுமுனை திருப்பப்பட்டுப் புண்ணின் மேல் தைக்கப்படும். காம்பு நெரிந்தால் மடல் கருகும். இக்கலையின் வரலாறு முழுவதும் அந்தக் காம்பைப் பற்றிய அறிவின் வரலாறே.

அவ்வறிவின் மிகப் பழைய எழுத்துச் சான்று நம் நாட்டது. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் சமஸ்கிருத மருத்துவ நூல், அறுந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அவ்வளவில் கன்னத்துத் தோலைக் கீறி, ஒரு முனை ஒட்டியிருக்கவே திருப்பி மூக்கில் பொருத்தும் முறையைக் கூறுகிறது. இந்நூல் அப்பாஸியர் காலத்துப் பக்தாதை அடைந்தது. இப்னு நதீம் தம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' நூலில், பர்மகீ குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலித் (இறப்பு கி.பி. 805) ஆணையிட, மன்கா என்னும் இந்திய மருத்துவர் 'ஸுஸ்ருத்' நூலை அரபியில் விளக்கினார் என்றும், அது பத்து மகாலாக்களைக் கொண்டது என்றும், மருத்துவமனையில் கைந்நூலாகப் பயன்பட்டது என்றும் பதிவு செய்துள்ளார்.

இங்கு நாம் சற்று நின்று பேச வேண்டியுள்ளது. முஸ்லிம் அறிஞர்கள் கண்டுபிடிக்காதது எதுவுமில்லை என்ற தொனியில் எழுதுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. 'ஸுஸ்ருத்' அரபிக்கு வந்தது உண்மை. ஆனால் கன்னத் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை நம் பெரும் அறுவை நூல்களில் வேரூன்றியதாகத் தெரியவில்லை. குர்துபாவின் அருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி (இறப்பு ஏறத்தாழ கி.பி. 1013) தம் 'அத்-தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிப் பெருநூலின் இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கினார். கருவிகளை வரைந்தே காட்டினார். மூக்கும் உதடும் காதும் கிழிந்தால் தைக்கும் விதத்தைச் சொன்னார். மடல் திருப்புவதை அங்கு நாம் காணவில்லை. அதனால் அவருடைய பெருமைக்குக் குறைவேதும் இல்லை. இல்லாததை ஏற்றிச் சொல்வதுதான் குறை.

அஸ்-ஸஹ்ராவியிடம் நம் பொருளுக்கு நேரே உரிய வேறொரு செய்தி உண்டு. உறுப்புகள் அழுகும்போது அவற்றை அறுப்பது பற்றிய அதிகாரத்தில் தம் அனுபவம் ஒன்றைக் குறிக்கிறார். ஒருவருக்குப் பாதம் கறுத்து, தீயைப் போல் எரிந்து, அழுகல் பரவிற்று. அவர் தாமே தம் பாதத்தைத் துண்டித்துக்கொண்டு பிழைத்தார். நெடுநாள் கழித்து அதே நோய் கையில் தோன்ற, அஸ்-ஸஹ்ராவியிடம் வந்து கையை அறுக்குமாறு வேண்டினார். உயிருக்கு அஞ்சி அவர் மறுத்துவிட்டார். நோயாளி வீடு திரும்பித் தாமே கையையும் துண்டித்துக்கொண்டு நலம் பெற்றார். தம் மறுப்பு சரியாக அமையவில்லை என்பதை மறைக்காமல் எழுதி வைத்த அந்த நேர்மையை நாம் வியக்கிறோம்.

மருத்துவ நூல்கள் மௌனமாக இருந்த இடத்தில் ஃபிக்ஹ் நூல்கள் பேசியுள்ளன என்பது பலர் அறியாத செய்தி. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) முதலில் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டதும், அது நாற்றமெடுக்கவே தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளன. இது உலோக உறுப்பு. தன் சதையையே மீண்டும் பொருத்துவது பற்றிய ஆய்வு கிஸாஸ் பாடங்களில் வருகிறது. ஒருவன் மற்றொருவனின் காதை அறுத்துவிட, அறுபட்டவர் 'இரத்தத்தின் சூட்டில்' அதை மீண்டும் ஒட்டவைக்க, அது ஒட்டிக்கொண்டால் பழிவாங்கும் உரிமை நீங்குமா என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூலோர் வினவுகின்றனர். முற்றாகத் துண்டான காதையும் ஒரு தோலில் தொங்கும் காதையும் தனித்தனியே வைத்து ஆராய்கின்றனர். தோலில் தொங்குவது வேறு, துண்டானது வேறு என்ற அந்த வேறுபாடுதான் பின்னாளைய அறுவை மருத்துவத்தில் மடலுக்கும் ஒட்டுக்கும் உள்ள வேறுபாடு. அவர்கள் மருத்துவம் பேசவில்லை, உரிமை பேசினார்கள். எனினும் கண் சரியான இடத்தில் நின்றது.

நூல்களில் தங்காத கலை மக்களின் கைகளில் தங்கியிருந்தது. 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் எருதுகளை ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர், திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார் என்று ஆங்கிலேயர் பதிவு செய்தனர். (மூக்கறுப்பு அக்காலப் போர்களில் ஒரு தரப்புக்கு மட்டும் உரிய கொடுமையன்று. திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த போருக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர்.) பின்னர்ப் புனே அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் கவாஸ்ஜியின் நெற்றித் தோலைத் திருப்பிப் புதிய மூக்கை அமைத்தார். தாமஸ் குரூஸோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் அதை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் படத்துடன் செய்தி வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ பல்லாண்டு முயன்று, 1814-இல் லண்டனில் அதே முறையில் மூக்கு அமைத்தார். 1816-இல் நூலாக வெளியிட்டார். செங்கல் சூளைக்காரர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கையால் செய்தவரின் பெயர் மறைவதும், கண்ணால் கண்டவரின் பெயர் நிலைப்பதும் வரலாற்றில் புதிதன்று.

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பதில் உள்ள முதற்சொல் நாம் கடையில் வாங்கும் பிளாஸ்டிக்கைக் குறிப்பதன்று என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். உருவாக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. செயற்கைப் பொருளை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அறுவைக்கு இணங்காதவர்களை நாம் கண்டதுண்டு.

முகத்தில் எளிதாகக் கைகூடிய கலை காலில் ஏன் தாமதித்தது? முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. எப்பக்கம் கீறினாலும் மடல் பிழைக்கும். முழங்காலுக்குக் கீழே அவ்வாறில்லை. எங்கே எந்தக் குழாய் தோலுக்கு வருகிறது என்று தெரியாமல் கீறிய மடல்கள் கருகின. 1854-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் ஹாமில்டன் ஒரு வழி கண்டார். ஒரு காலின் புண்ணுக்கு மறுகாலின் தோலை மடலாக்கித் தைத்து, இரு கால்களையும் சேர்த்துக் கட்டிவைத்தார். மடல் புதிய இடத்தில் வேர்கொண்ட பின் காம்பை அறுத்தார். வாரக்கணக்கில் இரு கால்களையும் பிணைத்துக் கிடக்கும் வேதனையை எண்ணிப் பாருங்கள். ஆயினும் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் கால்களைக் காத்த முறை அதுவே. வசதி குறைந்த இடங்களில் இன்றும் கைகொடுக்கிறது.

காம்பின் இரகசியம் பிணவறைகளில் சிறிது சிறிதாக வெளிப்பட்டது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் மான்ஷாட் தோலின் இரத்த எல்லைகளை வரைந்தார். 1936-இல் பிரான்ஸின் மிஷேல் சல்மான் அதை விரித்தார். இவர்களின் நூல்கள் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தன. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டேனியலும் டெய்லரும், தொடையிடுக்குத் தோலை முற்றாகத் துண்டித்து, அதன் நுண்ணிய குழாய்களை நுண்ணோக்கியின் கீழ்க் காலின் குழாய்களோடு தைத்து உயிர் கொடுத்தனர். காம்பே இல்லாத மடல் அது. 1981-இல் சுவீடனின் பான்டென் எளிய உண்மை ஒன்றைக் காட்டினார்: தோலோடு அதன் அடியிலுள்ள உறைச் சவ்வையும் சேர்த்து எடுத்தால், கெண்டைக்காலில் நீண்ட மடல் பிழைக்கும். குழாய் வலை அந்தச் சவ்வை ஒட்டியே ஓடுகிறது. 1992-இல் பாரிஸின் மாஸ்கெலெ தோல் நரம்புகளின் துணைக் குழாய்களும் மடலைக் காக்கும் என்று நிறுவினார்.

இதிலிருந்து தோன்றிய 'சூரல்' மடல் இன்று குதிகால், கணுக்கால் புண்களுக்கு உலகெங்கும் பயன்படுகிறது. கெண்டைக்காலின் பின்புறத்தில் வேண்டிய அளவுக்குத் தோல் தீவு ஒன்று வரையப்படுகிறது. தோலடிச் சவ்வும் நரம்பும் சிரையும் சேர்ந்த காம்பு, வெளிக்கணுவுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் மேலே வரை விடப்படுகிறது. அவ்விடத்தில் கீழிருந்து மேலேறும் சிறு தமனிகள் காம்புக்குள் நுழைகின்றன. தோல் தீவு தலைகீழாகத் திரும்பிக் குதிகாலை மூடுகிறது. எடுத்த இடத்தில் தோல் ஒட்டு வைக்கப்படுகிறது. பாதத்தின் வெளிப்புறம் சற்று உணர்விழக்கும். அதுவே அதற்குரிய விலை. நுண்ணோக்கியும் நுண்தையலும் தேவையில்லை என்பதால், பெரிய வசதிகள் அற்ற மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற கை இதைச் செய்ய முடியும். உள்ளங்காலின் தோல் மட்டும் வேறு. உடலின் எடையைத் தாங்கவென்றே நார்களால் எலும்போடு பிணைக்கப்பட்ட தோல் அது. குதிகாலின் அடிப்புறச் சிறு புண்ணுக்குப் பாதத்தின் உட்குழிவுத் தோலைத் திருப்புவதை மருத்துவர்கள் விரும்புவது அதனால்தான்.

விபத்துப் புண்ணுக்கு இவ்வளவு போதும். நீரிழிவுப் புண்ணுக்குப் போதாது. அதன் காரணத்தை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது நம் தமிழ்நாடு. அதுவும் நீரிழிவு மருத்துவமனையிலன்று, தொழுநோயாளரிடையே.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை ராபர்ட் காக்ரேன் அவருக்குக் காட்டினார். தொழுநோய் சதையைத் தின்கிறது என்றே அன்று மருத்துவ உலகம் எண்ணியது. உர்வா (ரஹ்) காலத்து 'ஆகிலா' என்ற சொல்லும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் அதைத் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது; அவனுக்குத் தெரியவில்லை. நோய் சதையைத் தின்னவில்லை, வலியைத் தின்றுவிட்டது என்பதை அவர் உணர்ந்தார். வலி இல்லாதவன் காயத்தின் மேலேயே நடக்கிறான். காலில் புண் வருவதும், வந்த புண் ஆறாததும் இதனாலேயே. வேலூரிலும், 1955-இல் அதன் அருகே நிறுவப்பட்ட கரிகிரி ஆய்வு மருத்துவமனையிலும் சுண்ணக்கட்டுப் போட்டுப் புண்ணின் மேல் விழும் பாரத்தை விலக்கினர். மெல்லிய ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தனர். (இத்தகைய சுண்ணக்கட்டை 1930-களிலேயே கொழும்பின் மில்ராய் பால் கையாண்டிருந்தார்.) சொத்தை என்று கைவிடப்பட்ட பாதங்கள் ஆறின.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு நீரிழிவாளரின் பாதங்களில் அவர் கண்டது வேலூரில் கண்ட அதே புண். சர்க்கரையால் நரம்பு மரத்த பாதமும் தொழுநோயால் மரத்த பாதமும் ஒரே விதமாக அழிகின்றன என்பது அதன்பின் உலகறிந்த பாடமாயிற்று. இன்று உலகின் நீரிழிவுப் பாத மருத்துவமனைகள் பின்பற்றும் பாரம் விலக்கும் முறைக்கு வட ஆர்க்காட்டுத் தொழுநோயாளரின் பாதங்கள் பாடநூலாக இருந்தன. இச்செய்தி நம் பாடப் புத்தகங்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது.

ஆகவே நீரிழிவாளரின் குதிகாலில் மடல் வைப்பது ஓர் அறுவையோடு முடியும் காரியமன்று. முதலில் அழுகிய சதையும் நோயுற்ற எலும்பும் அகற்றப்பட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். காலின் பெருந்தமனிகளில் அடைப்பு உண்டா என்று பார்த்து, இருந்தால் அதைத் திறந்த பிறகே மடல். வற்றிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. நீரிழிவாளரில் மடலின் நுனி கருகும் வாய்ப்பும் மிகுதி. மடல் ஒட்டிய பின்னும் அது உணர்வற்ற தோலே. செருப்பின்றி நடந்தால் மீண்டும் புண்ணாகும். சிலருக்கு இவை எதுவும் கூடாது. உயிரைக் காக்க அறுப்பதே வழி. அதைச் சொல்லும் மருத்துவரைக் கொடியவராக எண்ணலாகாது.

விபத்துக் காயத்தில் முதற்கேள்வி காலம். ஸ்லோவீனியாவின் லுப்லியானா நகரத்து மார்கோ கோதினா 532 நோயாளரை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். 72 மணி நேரத்துக்குள் புண்ணைச் சுத்தம் செய்து மடல் வைத்தோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே மடல் தோற்றது. அதன்பின் மூன்று மாதங்களுக்குள் வைத்தோரில் நூற்றுக்குப் பன்னிருவருக்குத் தோற்றது. தமிழ்நாட்டில் கோவை கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் குழுவினர், சிதைந்த காலைக் காப்பதா அகற்றுவதா என்று முடிவெடுக்க உதவும் மதிப்பெண் முறையை 2006-இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சிதைவைத் தனித்தனியே எண்ணிக் கூட்டுவது அம்முறை. 14-க்குள் இருந்தால் காக்க முயலலாம், 17-க்கு மேல் அகற்றுவதே தக்கது, இடைப்பட்டது மருத்துவரின் தீர்ப்புக்குரியது. எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் முதல் நாளே ஒரே மேசையில் நிற்பது அங்கு நிலைபெற்ற வழக்கம்.

வட சென்னைக்கும் இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 1954-இல் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனவே ஒரு மருத்துவமனையை ராயபுரத்தில் தொடங்கினார். பாத நோய் ஆய்வு அங்கு பின்னர் பெரிதாக வளர்ந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-இல் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனித்துறை கண்டார். விரல் நுனிக்கு அவர் வகுத்த முக்கோண மடல் 1980-இல் வெளியாகி, இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் கை நசுங்கிய தொழிலாளர்களுக்காகப் பிறந்த திறமை அது.

இவை அனைத்தும் பழவேற்காட்டிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளன. டச்சுக்காரர் 1613-இல் கட்டத் தொடங்கிய கெல்ட்ரியா கோட்டையின் நினைவைக் கோட்டைக்குப்பம் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சு ஆட்சியின் தலைமையிடம் அதுவே. பழவேற்காட்டுத் துணி கிழக்காசியா வரை சென்றது. நாம் உடுத்தும் 'பழையகாட்' கைலி அப்பெயரின் எச்சம். இன்று அக்கரையின் வாழ்வு ஏரியில்தான். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாம் பெரிய உவர்நீர் ஏரி இது. கோட்டைக்குப்பத்து மீனவர் 'பாடு' என்னும் முறைப்படி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்து வலை இடுகின்றனர். தம் முறை வரும் நாளை எவரும் எளிதில் இழக்க விரும்பார். இடுப்பளவு நீரில் வெறுங்காலோடு நிற்பவரின் காலடியில் கிளிஞ்சல் ஓடும், கெளுத்தி முள்ளும், திருக்கை முள்ளும் உள்ளன. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளில் சில, நீரிழிவாளரின் காயத்தில் புகுந்தால் ஓரிரு நாளில் காலையும் உயிரையும் அச்சுறுத்த வல்லவை.

இப்போது வேலூரின் பாடத்தை ஏரிக்குக் கொண்டு வருவோம். முள் தைத்த ஆரோக்கியமான மனிதர் வலியால் துடித்து அன்றே கரையேறுவார். நரம்பு மரத்தவர் அன்றும் மறுநாளும் உப்புநீரில் நிற்பார். வலி இல்லை என்பதே அவருக்கு ஆறுதலாகத் தோன்றும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, நாற்றம் வந்தபின் பொன்னேரிக்கு, பிறகு சென்னைக்கு என்று அவர் வந்து சேரும்போது, மடல் வைப்பதற்குரிய காலம் கடந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணக்கிட்டது. இது நகரத்து நோய், உழைப்பவருக்கு வராது என்னும் எண்ணத்தை இனியேனும் விட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஏரியில் தைத்த முள்ளை எந்தத் திட்டமும் விபத்தாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது நம் கருத்து.

இனி நம் துறைக்குரிய வினா. தன் உடலின் சதையை வேறிடத்தில் வைப்பது ஆகுமா என்று கேட்போர் உளர். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், தீங்கை விடப் பயன் மிகுந்திருக்குமாயின் ஒருவரின் உடலில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாற்றுவது ஆகும் என்று தெளிவுபடுத்தியுள்ளது. கட்டு உள்ள நாள்களில் 'ஜபீரா'வின் சட்டப்படி அதன் மேல் மஸ்ஹு செய்வது நம் மாணவர் முதல் வகுப்பிலேயே ஓதுவது. உளூவில் கால்விரல்களின் இடையே விரல் விட்டுக் கோதிக் கழுவும் சுன்னத்தையும் இங்கு நினைவூட்ட வேண்டும். பாதத்தில் உணர்வு அற்றவர் கண்ணாலும் கையாலும் நாள்தோறும் தம் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்றே மருத்துவர்கள் சொல்கின்றனர். ஐவேளை உளூச் செய்பவருக்கு அதற்கெனத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. குனிய இயலாத முதியவருக்கு மகனோ பேரனோ பார்த்துச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்துவிடுவதும் அவசியம். ஈரமே அங்கு புண்ணுக்கு வாயில்.

மற்றொரு வினா நுட்பமானது. கெண்டைக்காலின் தோல் உளூவில் கழுவக் கடமையில்லாத பகுதி. அது மடலாகத் திரும்பிக் குதிகாலில் ஒட்டிக்கொண்டால், கழுவுவது கடமையா? ஹிஜ்ரி 476-இல் (கி.பி. 1083) மறைந்த அபூ இஸ்ஹாக் அஷ்-ஷீராஸி தம் 'அல்-முஹத்தப்' நூலில் உளூப் பாடத்தில் இத்தகைய நிலையைக் கையின் வழியாக ஆராய்கிறார். மேற்கையின் தோல் உரிந்து முன்கை வரை வந்து அங்கிருந்து தொங்கினால் அதைக் கழுவ வேண்டும். முன்கையின் தோல் உரிந்து மேற்கையிலிருந்து தொங்கினால் கழுவ வேண்டியதில்லை. ஓரிடத்துத் தோல் உரிந்து மற்றோர் இடத்தில் ஒட்டிக்கொண்டால், கடமையான பகுதிக்கு நேராக உள்ள அளவைக் கழுவ வேண்டும். தோல் எங்கிருந்து வந்தது என்பதன்று, எங்கு நிற்கிறது என்பதே அளவுகோல். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'அல்-மஜ்மூஃ' அந்நூலின் விரிவுரை. கையில் சொன்னதைக் காலுக்கும் பொருத்தினால், குதிகாலில் ஒட்டி ஆறிய மடலின் கணுக்கால் வரையுள்ள பகுதியைக் கழுவ வேண்டும். கணுவுக்கு மேல் திரும்பி நிற்கும் காம்பையும், கெண்டைக்காலில் தோல் ஒட்டு வைத்த இடத்தையும் கழுவுவது கடமையன்று. புண் முற்றும் ஆறும் வரை, தண்ணீர் படலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டு நடக்க வேண்டும்.